காசோலை வந்த வீடு

மேடை நாடகத்திலிருந்து உருவான திரைப்படங்கள் மீது ஒரு பழைய குறை சொல்லப்படுவதுண்டு. அவை மேடையை விட்டு இறங்குவதில்லை. நான்கு சுவர்களுக்குள் நின்று பேசிக்கொண்டே இருக்கின்றன என்பதே அது. பல படங்களுக்கு அந்தக் குறை பொருந்தும். 1961-இல் வெளிவந்த 'எ ரெய்சின் இன் தி சன்' என்ற அமெரிக்கத் திரைப்படத்தின் மீதும் அந்தக் குறையைச் சுமத்தலாம். ஆனால், அந்தப் படத்தில் நான்கு சுவர்களே கதைப்பொருள். சிகாகோ நகரின் தென்பகுதியில், நெருக்கடியான ஓர் அடுக்ககக் குடியிருப்பில் வாழும் ஐந்து பேர் கொண்ட கறுப்பினக் குடும்பம் அங்கிருந்து வெளியேற முடியுமா என்பதே அது எழுப்பும் கேள்வி. அறுபது ஆண்டுகள் கடந்தும் அந்தக் கேள்வியின் கூர்மை குறையவில்லை.

மூலநாடகத்தை எழுதியவர் லொரெய்ன் ஹான்ஸ்பெரி. 1959 மார்ச் 11 அன்று நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் அது மேடையேறியபோது அவருக்கு வயது 28. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய நாடகம் பிராட்வேயில் அரங்கேறியது அதுவே முதல்முறை. 530 முறை நடிக்கப்பட்ட அந்நாடகம், நியூயார்க் நாடக விமர்சகர் வட்டத்தின் விருதையும் பெற்றது. வெயிலில் கிடந்து உலர்ந்த திராட்சை என்ற பொருள்படும் அதன் தலைப்பு, நிறைவேறாமல் தள்ளிப்போகும் கனவுகளைப் பற்றி லாங்ஸ்டன் ஹியூஸ் எழுதிய கவிதையிலிருந்து எடுக்கப்பட்டது. கொலம்பியா நிறுவனம் அதைப் படமாக்கியபோது திரைக்கதையையும் ஹான்ஸ்பெரியே எழுதினார். டேனியல் பெட்ரி இயக்கினார். மேடையில் நடித்த சிட்னி பாய்ட்டியர், கிளாடியா மெக்நீல், ரூபி டீ, டயானா சாண்ட்ஸ் ஆகியோரே திரையிலும் அதே வேடங்களை ஏற்றனர்.

கதை ஒரு காசோலைக்கான காத்திருப்பில் தொடங்குகிறது. உழைத்து உழைத்தே மாண்டுபோன குடும்பத் தலைவரின் ஆயுள் காப்பீட்டுத் தொகை 10,000 டாலர் அஞ்சலில் வரவிருக்கிறது. அக்காலத்து அமெரிக்காவில் கறுப்பினக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் வெள்ளையர் குடும்பங்களின் வருமானத்தில் ஏறத்தாழ பாதிதான். அத்தகைய குடும்பம் ஒன்றுக்கு 10,000 டாலர் என்பது பல ஆண்டுகள் உழைத்தாலும் மிச்சம் பிடிக்க முடியாத தொகை. ஒரு தலைமுறைக்கு ஒருமுறை கூட வாய்க்காத பணம் வாய்க்கிறது. அதுவும் ஒருவர் இறந்ததால் வாய்க்கிறது. ஒரு மனிதரின் மரணத்தை நம்பித்தான் எல்லாக் கனவுகளும் நிற்க வேண்டுமென்றால் அந்த வீட்டில் ஏதோ கோளாறு இருக்கிறது என்ற பொருள்பட, நாடகத்தில் வரும் நைஜீரிய மாணவர் அசகாய் பேசுவார். நாடகத்தின் மையம் அந்தப் பேச்சில் இருக்கிறது.

தொகை ஒன்று, அதன்மீது உரிமை கொண்டாடும் கனவுகள் பல. தாய் லீனாவுக்குச் சிறு தோட்டத்துடன் கூடிய ஒரு வீடு வேண்டும். மகளின் படிப்பும் நடக்க வேண்டும். மகன் வால்டர் லீ ஒரு வெள்ளைச் செல்வரின் கார் ஓட்டுநர். பிறருக்காகக் கதவைத் திறந்துவிடும் வாழ்க்கையிலிருந்து விடுபட, இரு நண்பர்களுடன் கூட்டுச் சேர்ந்து மதுக்கடை தொடங்க அவர் விரும்புகிறார். கடையின் விலை 75,000 டாலர், தொடக்க முதலீடு 30,000, ஆளுக்குப் பத்தாயிரம். மகள் பெனீத்தா மருத்துவராக விரும்புகிறார். மருமகள் ரூத் பிறர் வீடுகளில் வேலை செய்பவர். தன் மகன் டிராவிஸ் உறங்க ஓர் அறை கிடைத்தால் போதும் என்று நினைப்பவர். இந்நிலையில் அவர் மீண்டும் கருவுற்றிருக்கிறார். இன்னொரு குழந்தைக்கு இடமில்லை என்று கருதிக் கருவைக் கலைக்க ஒரு பெண்ணிடம் 5 டாலர் முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறார். வீட்டுக்கான முன்பணமும் இந்த முன்பணமும் ஒரே கதைக்குள் வருவதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்.

'வாய்ப்புச் செலவு' என்ற கருத்தைப் பொருளியல் வகுப்பில் முதலாண்டிலேயே கற்பிக்கிறோம். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடும் மற்றொன்றே அதன் உண்மையான விலை என்பது அக்கருத்து. பாடநூல்களில் அது ஆப்பிளுக்கும் ஆரஞ்சுக்கும் இடையிலான தேர்வாக வரும். ஹான்ஸ்பெரியின் வீட்டில் அது உடன்பிறந்தவர்களுக்கு இடையிலான பகையாக வருகிறது. தங்கையின் கல்லூரிக் கட்டணம் அண்ணனின் கடைக்கான முதல். தாயின் தோட்டம் இருவருக்கும் தடை. யாரும் தீயவர் அல்லர். எவருடைய விருப்பமும் பேராசை அல்ல. ஆயினும், பற்றாக்குறை அவர்களை ஒருவர்மீது ஒருவரை ஏவிவிடுகிறது.

இந்தப் பற்றாக்குறையைப் படம் தொடக்கத்திலேயே ஒரு சிறு நிகழ்வில் காட்டிவிடுகிறது. பள்ளிக்கு 50 சென்ட் வேண்டும் என்கிறான் டிராவிஸ். இல்லை என்று ரூத் மறுத்துவிடுகிறார். தன் குழந்தையிடம் இல்லை என்ற சொல்லைச் சொல்லப் பொறுக்காத வால்டர், மனைவியை முறைத்தபடியே 50 சென்டை எடுத்துக் கொடுக்கிறார். மேலும் ஒரு 50 சென்டும் கொடுக்கிறார். சற்று நேரத்தில், வேலைக்குச் செல்லக் காசில்லாமல் அதே மனைவியிடம் வந்து 50 சென்ட் கேட்கிறார். பாய்ட்டியரின் நடிப்பில் இந்தக் காட்சி நகைச்சுவையாகத் தொடங்கி வேறொன்றாக முடிகிறது. பின்னர் நிகழப்போகும் பெரிய இழப்பு முழுவதும் இந்தச் சில்லறையில் அடங்கியிருக்கிறது. தந்தை என்ற நிலையைத் தக்கவைத்துக்கொள்ள, கையில் இல்லாத பணத்தையும் செலவிடத் துணியும் மனிதர் அவர்.

இனி அந்த நான்கு சுவர்களைப் பார்ப்போம். படத்தின் பெரும்பகுதி ஒரே குடியிருப்பில் நிகழ்கிறது. கழிப்பறை வெளியே நடைக்கூடத்தில் இருக்கிறது. அதை அண்டை வீட்டாருடன் பகிர்ந்துகொள்ள வேண்டும். காலையில் யார் முந்துவது என்பதே ஒரு போட்டி. சிறுவன் உறங்குவது கூடத்துச் சாய்விருக்கையில். போதிய வெயில் படாத சாளரத்தில் லீனா ஒரு செடியைப் பேணி வருகிறார். சார்லஸ் லாட்டனின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவில் ஒருவர் பேசும்போது மற்றொருவரின் தோளோ முதுகோ சட்டகத்துக்குள் இடித்துக்கொண்டு நிற்கிறது. தனியாக அழவும் அங்கே இடமில்லை. மேடையில் இந்த நெருக்கடியைத் தொலைவில் அமர்ந்து காண்கிறோம். திரையிலோ அதற்குள்ளேயே அமர்ந்திருக்கிறோம். மதுவிடுதி, புதிய வீடு எனச் சில இடங்களுக்குப் படம் வெளியே செல்லும்போது நமக்கும் மூச்சு வருகிறது.

ஹான்ஸ்பெரி இதைவிட விரிவான திரைக்கதையைத்தான் எழுதியிருந்தார். லீனா தான் வேலை செய்த வெள்ளையர் வீட்டில் கழிக்கும் கடைசி நாள், தென்பகுதிக் கடைகளில் தரம் குறைந்த பழங்களுக்கு அதிக விலை கேட்கப்படுவது போன்ற காட்சிகள் அதில் இருந்தன. தயாரிப்பு நிறுவனம் அவற்றை ஏற்கவில்லை. படமாகாத அந்த மூலத் திரைக்கதை 1992-இல் நூலாக வந்தது. அக்காட்சிகள் இடம்பெற்றிருந்தால், ஏழைகளே எல்லாவற்றுக்கும் கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்ற உண்மை கண்ணெதிரே விரிந்திருக்கும். இன்றைய படத்தில் அதை ஓரிரு வசனங்களிலிருந்தே நாம் உணர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அத்தகைய வசனம் ஒன்று லீனாவிடமிருந்து வருகிறது. காசோலை வந்ததும் அவர் 3,500 டாலரை முன்பணமாகக் கொடுத்து கிளைபோர்ன் பார்க் என்ற இடத்தில் ஒரு வீட்டை வாங்கிவிடுகிறார். அது வெள்ளையர் மட்டுமே வாழும் பகுதி என்பதைக் கேட்டு வீடே திகைக்கிறது. தான் புரட்சி செய்யப் புறப்படவில்லை என்று அவர் விளக்குகிறார். கறுப்பினத்தவருக்கென்று தொலைவில் கட்டப்படும் வீடுகள் மற்ற வீடுகளைப்போல் இருமடங்கு விலை சொல்லப்படுகின்றன; கையிலிருந்த பணத்துக்குக் கிடைத்த நல்ல வீடு இதுதான் என்கிறார். போகிறபோக்கில் சொல்லப்படும் இந்த விளக்கத்துக்குப் பின்னால் ஒரு நகரத்தின் பொருளாதார வரலாறே இருக்கிறது.

தென்மாநிலங்களின் பருத்தி வயல்களையும் இனக்கொடுமையையும் விட்டு வடக்கு நோக்கி வந்த கறுப்பின மக்களால் சிகாகோவில் அவர்களின் எண்ணிக்கை 1940-இல் சுமார் 2,78,000-ஆக இருந்து 1960-இல் 8,13,000-ஐ நெருங்கியது. மக்கள்தொகை மும்மடங்கானபோது, அவர்கள் வாழ இசைந்த இடம் அதற்கேற்ப விரியவில்லை, விரிய விடப்படவில்லை. வீட்டைக் கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம் என்று உரிமையாளர்கள் தமக்குள் பத்திரம் எழுதிக்கொண்டனர். 1934-இல் அமைக்கப்பட்ட கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், வீட்டுக் கடன்களுக்குக் காப்பீடு வழங்கும் தன் நடைமுறைக் கையேட்டிலேயே அத்தகைய பத்திரங்களைப் பரிந்துரைத்தது. இந்த இனத்தடைப் பத்திரங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்தது. ஆனால், தரகர்களும் வங்கிகளும் உரிமையாளர் சங்கங்களும் பத்திரம் இல்லாமலே அதே வேலையைத் தொடர்ந்தனர்.

அளிப்பு அடைபட்டு, தேவை பெருகினால் விலை ஏறும் என்பது எளிய விதி. பழைய அடுக்ககங்களைத் துண்டு துண்டாகத் தடுத்து, ஒரு குடும்பம் வாழ்ந்த இடத்தில் பல குடும்பங்களைக் குடிவைத்து வாடகை வாங்கினார்கள். வங்கிக் கடன் கிடைக்காதவர்களுக்குத் தவணை ஒப்பந்தத்தில் வீடு விற்கும் வணிகம் தழைத்தது. அஞ்சி வெளியேறும் வெள்ளையரிடம் மலிவாக வாங்கிய வீட்டை இருமடங்கு விலை வைத்து விற்பார்கள். கடைசித் தவணை கட்டி முடியும்வரை பத்திரம் வாங்குபவர் பெயருக்கு மாறாது. ஒரு தவணை தவறினாலும் வீடும் போகும். கட்டிய பணமும் போகும். ஒரே நகரில், ஒரே நாணயத்துக்கு, வாங்குபவரின் நிறத்தைப் பொறுத்து இருவேறு மதிப்புகள் இருந்தன. லீனாவின் பத்தாயிரம் அவரது பகுதியில் ஐந்தாயிரம்தான். அது முழுப் பத்தாயிரமாக வேண்டுமென்றால் அவர் எல்லையைத் தாண்டியாக வேண்டும்.

எல்லையைத் தாண்டினால் என்ன நேரும் என்பதை ஹான்ஸ்பெரி சிறுவயதிலேயே கண்டவர். வீட்டுமனைத் தொழிலில் இருந்த அவருடைய தந்தை கார்ல் ஹான்ஸ்பெரி, 1937-இல் சிகாகோவின் வெள்ளையர் பகுதி ஒன்றில் வீடு வாங்கினார். கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. சாளரத்தைத் துளைத்து வந்த கல் சிறுமி லொரெய்ன்மீது படாமல் தப்பியது. அக்கம்பக்கத்து உரிமையாளர்கள் இனத்தடைப் பத்திரத்தைக் காட்டி வழக்குத் தொடுத்தனர். 'ஹான்ஸ்பெரி எதிர் லீ' என்ற அந்த வழக்கில் 1940-இல் உச்ச நீதிமன்றம் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. முந்தைய வழக்கில் தரப்பினராக இல்லாதவர்களை அதன் தீர்ப்புக் கட்டுப்படுத்தாது என்ற நடைமுறைக் காரணத்தின் மீதே அத்தீர்ப்பு அமைந்தது. இனத்தடைப் பத்திரம் செல்லுமா என்ற மூலக் கேள்வியை நீதிமன்றம் தொடவில்லை. வழக்கில் வென்ற தந்தை, நாட்டின்மீது நம்பிக்கை இழந்து மெக்சிகோவில் குடியேற முனைந்து, 1946-இல் அங்கேயே இறந்தார். மகள் எழுதிய நாடகத்தில் வெற்றிக்களிப்பு அடங்கியே ஒலிப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணமாகலாம்.

வீட்டுக்குக் கொடுத்ததுபோக மீதி 6,500 டாலரை லீனா மகனிடம் ஒப்படைக்கிறார். அதில் 3,000 பெனீத்தாவின் படிப்புக்கு. எஞ்சிய 3,500 வால்டரின் விருப்பத்துக்கு. வீட்டுக்கு 35 விழுக்காடு, கல்விக்கு 30, தொழிலுக்கு 35. எழுதப் படிக்க அதிகம் கற்காத அந்தத் தாயின் பங்கீட்டில் எந்த நிதி ஆலோசகரும் குறை காண முடியாது. அதைவிட முக்கியமானது, அந்தப் பணத்துடன் வீட்டுத் தலைமையையும் அவர் மகனுக்கு மாற்றித் தருகிறார் என்பது. வால்டரோ தங்கையின் பங்கையும் சேர்த்து முழுத் தொகையையும் நண்பர் வில்லி ஹாரிஸிடம் கொடுத்துவிடுகிறார். மதுக்கடை உரிமம் விரைவில் கிடைக்க மாநிலத் தலைநகரில் சிலருக்குக் கையூட்டுத் தர வேண்டும் என்பது ஏற்பாடு. வில்லி பணத்துடன் மறைந்துவிடுகிறார்.

வால்டரை முட்டாள் என்று கடந்துவிடுவது எளிது. ஆனால், முறையான கடனுக்கு வழியில்லாதவர் அறிமுகத்தை நம்பியே தொழில் செய்ய வேண்டியிருக்கிறது. பதிவான ஒப்பந்தம், வங்கி உத்தரவாதம், நீதிமன்றப் பாதுகாப்பு ஆகியவை எட்டாத இடத்தில் ஒரு மனிதரின் வாய்ச்சொல்லே பிணை. அந்தப் பிணை உடைந்தால் ஈடு கிடையாது. தங்கையின் பங்கைத் தொட்டது அவருடைய குற்றம். அதைப் படம் மன்னிப்பதில்லை. அக்குற்றத்துக்கு அவரை நகர்த்திய நெருக்கடியையும் அது மறைப்பதில்லை. செய்தி வரும் காட்சியில் பாய்ட்டியர் தரையில் விழுந்து தந்தையின் உழைப்பை எண்ணிக் கதறுகிறார். அப்போது கிளாடியா மெக்நீல் மகனை அடிக்கவும் செய்கிறார். அந்தப் பணத்துக்காக நாள்தோறும் தேய்ந்துபோன கணவரையும் நினைக்கிறார். மேடைக்குரிய உரத்த நடிப்பு என்று சிலருக்குத் தோன்றலாம். அந்த அறையில் அதைவிடத் தாழ்ந்த குரலுக்கு இடமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பணம் பறிபோவதற்கு முன்பே லிண்ட்னர் என்ற வெள்ளையர் அந்த வீட்டுக்கு வந்துபோகிறார். கிளைபோர்ன் பார்க் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் வரவேற்புக் குழுவிலிருந்து வருவதாகச் சொல்கிறார். ஜான் ஃபீட்லர் அவரை அரக்கனாக நடிக்கவில்லை. சங்கடத்துடன் தொப்பியைக் கையில் பிடித்த, மென்மையாகப் பேசும் மனிதராக நடிக்கிறார். தன்னிடம் வெறுப்பில்லை, அவரவர் அவரவர் சமூகத்துடன் வாழ்வதே எல்லோருக்கும் நல்லது என்கிறார். வீட்டைச் சங்கத்துக்கே திருப்பி விற்றுவிட்டால், கொடுத்ததைவிடக் கூடுதலாகப் பணம் தருவோம் என்கிறார்.

இங்கே ஒரு பொருளியல் நூலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற கேரி பெக்கர், 1957-இல் 'பாகுபாட்டின் பொருளியல்' என்ற நூலை வெளியிட்டார். ஒருவருடன் சேராமல் விலகியிருப்பதற்காகப் பணம் கொடுக்கவோ வருமானத்தை இழக்கவோ ஒருவர் தயாராக இருந்தால், அதுவே பாகுபாட்டு விருப்பத்தின் அளவுகோல் என்றார் அவர். லிண்ட்னர் கொண்டுவரும் தொகை அந்த அளவுகோலின்படி சரியான எடுத்துக்காட்டு. நூல் வெளிவந்த இரண்டாம் ஆண்டில், அந்தப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள அதே தென்சிகாகோவில் பிறந்து வளர்ந்த ஒருவர் அதே நிகழ்வை மறுபக்கத்திலிருந்து எழுதினார். கொடுப்பவருக்கு அது ஒரு விருப்பத்தின் விலை; பெறுபவருக்கு அது என்ன என்பதை நாடகம் சொல்கிறது. மேலும், லிண்ட்னர் தனி மனிதராக வரவில்லை. ஒரு சங்கத்தின் நிதியுடனும், அச்சங்கத்துக்குப் பல ஆண்டுகள் துணைநின்ற கடன் விதிகளின் பலத்துடனும் வருகிறார். தனிமனித விருப்பம் என்று மட்டும் அதைக் கணக்கிட்டால் பாதியை விட்டுவிடுவோம்.

முதல்முறை லிண்ட்னரை வெளியேற்றிய வால்டர், எல்லாம் போனபின் அவரைத் தொலைபேசியில் திரும்ப அழைக்கிறார். பணத்தை வாங்கிக்கொள்ளப் போகிறார். பாடநூல் வரையறுக்கும் பகுத்தறிவுள்ள மனிதர் செய்வதும் அதைத்தான். 6,500 டாலர் இழந்த குடும்பத்துக்கு ஈடு வாசலில் நிற்கிறது. தாய் அதைத் தடுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை விதிக்கிறார். பேரன் டிராவிஸ் அருகிலேயே நிற்க வேண்டும். தந்தை செய்வதைப் பார்க்க வேண்டும். மகனின் கண்ணெதிரே வால்டரால் அதைச் செய்ய முடியவில்லை. தன் தந்தை ஒவ்வொரு செங்கல்லாக ஈட்டிய வீடு அது என்றும், தாங்கள் குடிவரப் போவதாகவும் லிண்ட்னரிடம் தடுமாறியபடி சொல்கிறார். பாய்ட்டியர் இதை வீர வசனமாகப் பேசவில்லை. சொற்களை அப்போதுதான் தேடிக் கண்டெடுப்பவர்போல் நின்று நின்று பேசுகிறார். தொடக்கத்தில் மகனின் முன்னால் கௌரவத்தைக் காக்க 50 சென்டை இறைத்தவர், இப்போது அதே மகனின் முன்னால் ஆயிரக்கணக்கான டாலரை மறுக்கிறார்.

இந்த முடிவை மகிழ்ச்சியான முடிவு என்று சிலர் குறைகூறினர். குடும்பம் எங்கே செல்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் அப்படிச் சொல்ல இயலாது. அங்கே எறியப்படக் காத்திருக்கும் கற்களை ஹான்ஸ்பெரி அறிவார். வீட்டுக்கு முன்பணம் மட்டுமே கட்டப்பட்டிருக்கிறது. மாதத் தவணைகள் முழுவதும் மிச்சமிருக்கின்றன. நகரின் எல்லாச் சமையலறைகளிலும் வேலை செய்தாவது அதைக் கட்டுவேன் என்கிறார் ரூத். பெனீத்தாவின் படிப்புக்கான பணம் போனது போனதுதான். வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் நாடளாவிய சட்டம் அமெரிக்காவில் 1968-இல்தான் வந்தது. அதைக் காண ஹான்ஸ்பெரி இல்லை. 1965 ஜனவரியில், 34-ஆம் வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

2005-இல் இந்தப் படம் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. குறைகள் இல்லாத படமல்ல. இசை சில இடங்களில் நம் உணர்ச்சியை முன்கூட்டியே கட்டளையிடுகிறது. கேமரா சில இடங்களில் வசனத்துக்குப் பணிந்து நின்றுவிடுகிறது. இவற்றைப் பொறுத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக அந்த வீட்டில் அமர்ந்திருப்பவர்களுக்கு, ஒரு குடும்பத்தின் வரவு செலவு எப்படி அதன் மான அவமானமாக மாறுகிறது என்பது புரியும். வருமானம், விலை, கடன், சொத்து என்று நாங்கள் கரும்பலகையில் தனித்தனியே எழுதிக் காட்டியவை அங்கே ஒரே அறையில் ஒன்றாக வாழ்கின்றன. பொருளியல் பயிலும் மாணவர்கள் பாடநூலுடன் சேர்த்து இந்தப் படத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று பரிந்துரைப்பேன். கடைசிக் காட்சியில் எல்லோரும் வெளியேறிய பிறகு லீனா மட்டும் திரும்பி வந்து, மறந்துபோன செடியை எடுத்துக்கொண்டு போகிறார். புதிய வீட்டில் அதற்கு வெயில் கிடைக்கும். அதன் விலை என்னவென்று அறிந்தேதான் அவர் கதவைச் சாத்துகிறார்.